பங்குனியில் வராத பாம்பு

ஈரச் சாக்கின் மேல் அது கிடந்தது. கருப்பு உடல், குறுக்கே வெள்ளைப் பட்டைகள். தலை நசுங்கிப் போயிருந்தது. பக்கத்து வீட்டு ராமலிங்கம் தறியின் மிதிகட்டையால் நாலைந்து அடி போட்டிருந்தார். காலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தறிவீட்டுக்குள் இன்னும் வெளிச்சம் வரவில்லை. அவர் அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். சுடர் ஆடியதில், செத்த பாம்பின் நிழல் தரையில் அசைந்துகொண்டே இருந்தது.

“டீச்சர், சொல்லுங்க. இது என்னது?”

நான் அடிக்கோலை வைத்து அளந்தேன். இரண்டடி இரண்டு அங்குலம்.

அவர் மனைவி சவுடம்மா கால் தொங்கவிட்டு நெய்கிற தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தாள். கணுக்காலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். முள் குத்தின அளவுகூட இல்லை. வீக்கமும் ரத்தமும் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டேன்.

“எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.”

அவள் வாயில் வேப்பிலை திணித்திருந்தார்கள். பாம்பு கடித்தவருக்கு வேப்பிலை கசந்தால் விஷம் ஏறவில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை.

“கசக்குதா இல்லையா, சரியாச் சொல்லு,” என்றார் ராமலிங்கம்.

“கசக்குது, கசக்குது. உங்க அம்மா வைக்கிற ரசம் மாதிரி கசக்குது. போதுமா?”

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ராமலிங்கம் சிரிக்கவில்லை.

“மந்திரிச்சுப் பார்வை பாக்குறவரக் கூப்பிடவா, டாக்டர்கிட்டக் கொண்டு போகவா? நீங்க சொல்றதுதான் டீச்சர்.”

“ரெண்டும் வேண்டாம். இது சுவர்ப்பாம்பு. ஓட்டு இடுக்குல பல்லி பிடிச்சுத் திங்கும். விஷம் கிடையாது.”

அவர் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சாக்கோடு பாம்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைக் குவித்து எரித்தார். அடித்த பாம்பை எரிக்காமல் விடக்கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம்.

இந்தப் பத்திரிகையில் தவளைகளையும் ஓணான்களையும் பற்றி நான் எழுதிவந்த வாரங்களில் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். ‘நீங்கள் எப்போதும் சரியாகவே பார்த்தவர் போல எழுதுகிறீர்கள்’ என்று. நியாயமான கடிதம். அவருக்குப் பதிலாகத்தான் இந்தக் காலையை எழுதுகிறேன். வருடம் என் நோட்டில் இருக்கிறது, இங்கே வேண்டாம். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்குகிற சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம்தான் முக்கியம். பங்குனி.

பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பக்கம்

நான் அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் குடியிருந்தேன். என் கணவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. மாதம் இரண்டு முறை வருவார். எனக்கு வேலை திருச்சுழி போகிற பாதையில் ஒரு கிராமத்துப் பள்ளியில். பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரை வழியாக ஒன்றரை மைல் நடக்க வேண்டும். நான் பிறந்தது எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில், பருத்திக்காடுகளுக்கு நடுவில். ஆகவே கரிசலில் நடப்பது புதிதில்லை. பார்த்ததை எழுதி வைப்பது மட்டும்தான் புதிது.

போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. என்ன பார்த்தேன், எங்கே, எத்தனை, வெயிலா மேகமா, காற்று எந்தப் பக்கம். ஒன்பது வருடம் விடாமல் எழுதினேன். பிறகு அதையெல்லாம் திரட்டி, மாதத்துக்கு ஒரு பக்கமாக வேறொரு நோட்டில் மையால் எழுதினேன். அந்த நோட்டைத்தான் நான் நம்பினேன்.

ஐப்பசி முதல் மழை பெய்த மறுநாள் கண்மாய்ப் பள்ளத்தில் பெருந்தவளைகள் எலுமிச்சம்பழ மஞ்சளில் மிதக்கும். நேற்றுவரை அவை எங்கே இருந்தன என்று யாருக்கும் தெரியாது. கார்த்திகையில் மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கிய நீரில்கூடத் தலைப்பிரட்டை இருக்கும். மார்கழிக் காலையில் நல்ல பாம்பு கரைமேல் வெயில் காயும். பத்தடி தள்ளி நின்றால் கண்டுகொள்ளாது. மாசியில் பருத்திச் செடிகளின் அடியில் சட்டை உரித்துப் போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் குனிந்து கேட்டால் தேரையின் சத்தம் ஒன்று, மிக ஆழத்திலிருந்து, எப்போதாவது வரும். ஆடிக் காற்றில் ஒன்றும் இராது. ஆடி மாதப் பக்கம் பாதி வெறுமையாகவே இருக்கிறது.

அட்டையின் உட்புறம் ஒரு பட்டியல்: ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு வரி. வரிக்கு எதிரே பன்னிரண்டு மாதக் கட்டங்கள். பார்த்த மாதத்தில் எண் எழுதுவேன். பார்க்காத மாதத்தில் சிறு கோடு போடுவேன். கட்டுவிரியனுக்கு ஆவணியிலிருந்து மார்கழி வரை எண்கள். பங்குனிக்கு நேராகக் கோடு.

பருத்திக்காட்டுக்குப் பிறகு

என் சொல்லுக்குத் தெருவில் மதிப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, நான் பிறந்த ஊருக்குப் போயிருந்தபோது, பருத்தி எடுக்க வந்த பெண் ஒருத்தியை ஏதோ கடித்தது. பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கடித்த இடத்தில் ரம்பம் அறுப்பது போலச் சத்தம் கேட்டது என்று மட்டும் அவள் சொன்னாள். சுருட்டை விரியன் உடம்பைச் சுருட்டித் தேய்க்கும் சத்தம் அது. மந்திரத்துக்கு உட்கார வைத்திருந்தவளை நான் சண்டை போட்டு வண்டியில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் பல் ஈறிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியதாம். பிழைத்துக்கொண்டாள்.

அந்தக் கதை எனக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. அதன் பின் பானையில் மூடி, சாக்கில் கட்டி, குச்சியில் தொங்கவிட்டு என் வாசலுக்குப் பாம்புகள் வந்தன. நான் பார்த்துப் பெயர் சொல்வேன். சாரையாக இருந்தால் விடச் சொல்வேன். ஒரு முறையும் தவறியதில்லை.

சவுடம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. என் வயதுதான் அவளுக்கு. வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள். என்னிடமும் வெளியாட்களிடமும் தமிழ்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் தறிவீட்டுக்கும் ஒரே சுவர். மாலையில் நான் வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் தறி நிற்கும். சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

“டீச்சர், இன்னைக்கி எத்தன மாப்பிள்ள பாத்தீக?”

“மூணு.”

“ஒண்ணாச்சும் தேறுச்சா?”

“எல்லாம் ஓடிப் போயிருச்சு.”

“உங்க மூஞ்சியப் பாத்தா ஓடாம என்ன செய்யும்.”

பிறகு தறி மறுபடி ஓடும்.

பஸ்ஸில்

அந்தக் காலைக்கு வருகிறேன். ஏழு இருபது பஸ்ஸில் ஏறினேன். கிளம்புமுன் சவுடம்மாவை எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் இருந்தாள். “செத்துட்டேன்னா சொல்லி அனுப்புறேன், போங்க,” என்றாள்.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் இருக்கை. பஸ் ஊரைத் தாண்டியதும் அன்றாட நோட்டை எடுத்துப் பென்சிலால் எழுதத் தொடங்கினேன். எப்போதும் ஒரே வரிசை. இடம்: தறிக்குழி. நேரம்: காலை ஐந்து இருபது, அவள் தறியில் உட்காரக் காலை இறக்கியபோது. நீளம். நிறம். அடுத்தது பட்டைகள்.

எழுதும்போது நான் யோசிப்பதில்லை. கண்ணில் பதிந்ததை அப்படியே இறக்கிவிடுவேன். எழுதினேன்: ‘நசுங்கிய இடத்திலிருந்து ஒரு சாண் வரை பட்டை இல்லை, வெறும் கருப்பு. நடு உடலில் தொடக்கம். மெல்லிய வெள்ளை, இரண்டிரண்டாக. வால் பக்கம் நெருக்கம், தெளிவு.’

பென்சில் நின்றது.

சுவர்ப்பாம்புக்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கிவிடும். போகப் போக மங்கி, வால் பக்கம் இல்லாமலே போகும். கட்டுவிரியனுக்கு நேர் எதிர். இதை நான் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

எழுதியதை இன்னொரு முறை படித்தேன். என் கையெழுத்துத்தான். கண் சரியாகப் பார்த்திருக்கிறது. அதற்குள் நான் வேறு ஒன்றை முடிவு செய்துவிட்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் கருப்பும் வெள்ளையும் கண்ட உடனேயே மனதில் அந்த நோட்டின் கட்டம் வந்து நின்றது. கட்டுவிரியன், பங்குனி, கோடு. பார்க்கவில்லை என்பதற்காக நான் போட்ட கோடு அது. கிடையாது என்று நானே அதைப் படித்துவிட்டேன்.

வலி இல்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. அவற்றைக் கண்டுதான் தைரியமாகப் பேசினேன். கட்டுவிரியன் கடி அப்படித்தான் இருக்கும்.

“நிறுத்துங்க,” என்றேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “ஸ்டாப்பு இன்னும் ரெண்டு மைலு இருக்கே டீச்சர். டிபன் பாக்ஸ மறந்துட்டீகளா?”

“நிறுத்தச் சொல்லுங்க.”

பின்னாலிருந்து யாரோ சொன்னார்: “ரோட்டுல பாம்பு ஏதும் கண்ணுல பட்டுருக்கும். நீங்க போங்கண்ணே, டீச்சர் மெதுவா எண்ணிட்டு வருவாக.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் இறங்கினேன். மணி ஏழு நாற்பத்தெட்டு.

இருபத்திரண்டு நிமிடம்

எதிர்த் திசையில் டவுனுக்குப் போவது வீரசோழன் ஊரிலிருந்து வரும் பஸ். எட்டு மணி வாக்கில் வரும், வந்தால்தான் நிச்சயம். இரு பக்கமும் உடைமரம். மனித வாடை இல்லை. டவுன் பக்கம் நடக்கத் தொடங்கி, நடந்தால் பஸ் நிற்காமல் போய்விடுமோ என்று மைல்கல்லுக்கே திரும்பி வந்தேன்.

கல்லின் மேல் ஒரு விசிறி ஓணான் இருந்தது. பங்குனி, சித்திரையில் மட்டும் ஆண் ஓணானுக்குத் தாடைக்குக் கீழே நீலமும் கருப்பும் சிவப்புமாக ஒரு மடல் விரியும். என்னிடமிருந்து மூன்றடிகூட இல்லை. மடலை விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. நோட்டு கையில் இருந்தது. எழுதவில்லை.

கடித்து இரண்டரை மணி நேரம். இந்நேரம் அவளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியிருக்கும். அல்லது ஒன்றும் இராது. பாம்பு கடித்தும் விஷம் இறங்காமல் போவதுண்டு. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். பாம்பை எரித்துவிட்டார்கள். கட்டுவிரியனுக்கு முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மற்றவற்றைவிடப் பெரியதாக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். நான் தடவவில்லை. அளந்தேன்.

எட்டுப் பத்துக்குப் பஸ் வந்தது. நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. முதலில் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் காருக்கு வந்தால் கால் மணி நேரம் வீண். வாடகைப் பிளஷர் கார் ஒன்றைக் கையோடு அமர்த்திக்கொண்டு போனேன்.

தூக்கம்

தெருமுனையில் கார் திரும்பியதும் அவர்கள் தறிச் சத்தம் கேட்டது. குறுக்கு நூல் ஓட்டும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் காரைவிட்டு இறங்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நெய்துகொண்டிருக்கிறாள். ஒன்றுமில்லை.

உள்ளே போனேன். தறியில் இருந்தது ராமலிங்கம்.

“அவ தூங்குறா டீச்சர்,” என்றார். “வெள்ளன எந்திரிச்சால்ல. வயிறு வலிக்குதுன்னா. சோடா வாங்கிக் குடுத்தேன். நீங்க என்ன, பள்ளிக்கூடம் போகலையா?”

பின்கட்டில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். தோளைத் தொட்டு உலுக்கினேன்.

“சவுடம்மா. எந்திரி.”

முனகினாள்.

“கண்ணைத் தொற.”

அவள் ஏதோ சொன்னாள். கன்னடத்தில் சொன்னாள். என்னோடு அவள் கன்னடம் பேசியது அதுதான் முதல் முறை. நாக்குத் தடித்து வார்த்தை குழறியது. தெருவில் இத்தனை வருடம் இருந்ததில் எனக்குப் புரிந்தது. கண் திறந்துதான் இருக்கிறது என்று சொன்னாள்.

இமை இரண்டும் முக்கால்வாசி இறங்கியிருந்தன.

“ராமலிங்கண்ணே, தூக்குங்க. கார் நிக்குது.”

“என்ன டீச்சர், ஒண்ணுமில்லன்னீகளே.”

“தப்பாச் சொல்லிட்டேன். தூக்குங்க.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்கினார்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தை ஊசியில் ஏற்றி, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதே காரில் போனோம். அவள் தலை என் மடியில். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. கைக்கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினேன். ஊர் எல்லையில் நிமிடத்துக்கு இருபத்தாறு. காரியாபட்டியில் பதினெட்டு. அதன் பிறகு எண்ணிக்கையைவிட ஆழம் குறைந்துகொண்டே வந்தது. மூக்கின் கீழே விரலை வைத்தால்தான் தெரிந்தது. முன் சீட்டில் இருந்த ராமலிங்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

“எவ்வளவு டீச்சர்?” என்று மட்டும் அவ்வப்போது கேட்டார்.

நான் சரியான எண்ணையே சொன்னேன்.

ரப்பர்ப் பை

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். குழாயின் வெளிமுனையில் ஒரு ரப்பர்ப் பை. அதை அழுத்தினால் அவள் நெஞ்சு உயரும், விட்டால் தாழும். அவள் தானாக மூச்சு விடும்வரை யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். நானும் ராமலிங்கமும் அவர் தம்பியும் முறை வைத்துக்கொண்டோம். அழுத்தம் ஒன்று, இரண்டு; விடுதல் ஒன்று, இரண்டு, மூன்று. வாய்விட்டு எண்ணினால்தான் எனக்குத் தாளம் தப்பவில்லை.

அன்று பிற்பகல் டாக்டர் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுத்தர வயது, கண்டிப்பானவர். ராமலிங்கத்தைப் பார்த்துக் கேட்டார்.

“விடியக்காலைல கடிச்சிருக்கு. முதல் ஊசி ஒன்பதே காலுக்கு. நாலு மணி நேரம் என்னய்யா பண்ணிட்டு இருந்தீங்க?”

பை என் கையில் இருந்தது. நான் நிமிர்ந்தேன். அதற்குள் ராமலிங்கம் பேசிவிட்டார்.

“பார்வை பாக்கப் போயிட்டோம் சார். மந்திரிச்சா எறங்கிரும்னு நெனச்சோம். தெரியாத சனம்.”

“இன்னும் எத்தனை பேரைச் சாகக் கொடுத்துட்டுத் திருந்துவீங்க?” என்றார் டாக்டர். கேஸ் ஷீட்டில் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க டீச்சர்ங்கறாங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?” என்றார்.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு, மூன்று. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முறை மாறியபோது தாழ்வாரத்தில் ராமலிங்கத்திடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“உங்களுது கவர்மெண்டு வேல. பேப்பர்ல பேரு ஏறிட்டா நாளைக்கி என்ன ஏதுன்னு வரும். எனக்கென்ன, தறிதான. அத யாரும் புடுங்க மாட்டாக.”

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அன்றைய நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறேன்: நேரம், ஊசி, மூச்சு. இதை மட்டும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் வலது கைச் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு இமை. நாலாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

கேஸ் ஷீட்

ஐந்தாம் நாள் மாலை. ராமலிங்கம் காபி வாங்கப் போயிருந்தார். சவுடம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். தொண்டை புண்ணாகி, குரல் தகரத்தில் உரசுவது போல வந்தது.

“டாக்டரு கேட்டப்ப ஏன் டீச்சர் பேசாம நின்னீக?”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணுதான் தொறக்கல. காது நல்லாத்தான் கேட்டுச்சு. கைகால் என்னுதா இல்லையான்னு தெரியாமக் கெடந்தேன். மத்ததெல்லாம் கேட்டுச்சு. நீங்க ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனது கேட்டுச்சு. எங்க நிறுத்திருவீகளோன்னு நானும் கூடவே எண்ணுனேன்.”

கட்டுவிரியன் விஷம் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தசைகளைக் கட்டிப்போடும். அறிவைத் தொடாது.

“அவுக எங்கயும் பார்வை பாக்கப் போகல,” என்றாள். மூச்சு வாங்கினாள். “நீங்க வேண்டாம்னீக. நின்னுட்டாக. எங்க வீட்டுக்காரவுக என்ன, முட்டாளா டீச்சர்?”

“இல்ல.”

“பெறகு?”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தானாகத் தலையைத் திருப்பியதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ஏழெட்டு மாணவர்களோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகில் வந்ததும் நான் சொன்னேன்.

“சார், அந்த ஷீட்ல எழுதியிருக்கது தப்பு. இவுங்க யார்கிட்டயும் மந்திரிக்கப் போகல. பாம்பை என்கிட்டக் காட்டுனாங்க. விஷமில்லைன்னு நான்தான் சொன்னேன். அதை நம்பி வீட்ல இருந்தாங்க.”

டாக்டர் ஷீட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“நீங்க எப்படிச் சொன்னீங்க?”

“எனக்குப் பாம்பு தெரியும் சார்.”

ஒரு மாணவன் சிரிப்பை அடக்கினான். டாக்டர் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சவங்க எப்படித் தப்பாச் சொன்னீங்க?”

“பங்குனியில கட்டுவிரியன் வராதுன்னு நெனச்சேன்.”

அவர் பேனாவைத் திறந்து ஒரு வரியை அடித்தார். மேலே இரண்டு மூன்று வார்த்தை எழுதினார். என் பெயரைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, “அது இதுல வராது,” என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ராமலிங்கம் சுவரோரமாக நின்றிருந்தார். மாணவர்கள் போன பிறகுதான் பேசினார்.

“அத்தன பேரு முன்னால என்னப் பொய்யனாக்கிட்டீகளே டீச்சர்.”

அவர் என்னோடு மறுபடி பேச மாசக் கணக்கானது. பள்ளியிலோ ஆபீஸிலோ யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

குழிக்குள்

அவர்கள் வீடு திரும்புமுன் நான் டார்ச் விளக்கோடு அந்தத் தறிக்குழிக்குள் இறங்கினேன். இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் ஒரு முறைகூட இறங்கியதில்லை. என் நோட்டில் கண்மாய் உண்டு, கரை உண்டு, காடு உண்டு. தறிக்குழி இல்லை.

வெயில் மாதங்களில் நூல் காய்ந்து இழை இழையாக அறும். அதற்காகத் தெரு முழுக்கக் குழிக்குள் மணல் பரப்பி இரண்டு வேளையும் தண்ணீர் தெளிப்பார்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். சவுடம்மா குடம் குடமாக ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மண்டியிட்டு மணலைக் கையால் விலக்கினேன். குளிர்ந்தது. மூலையில் இரண்டு தேரைகள் தடித்துக் கிடந்தன. மிதிகட்டையின் அடியில் ஓர் அரணை. விளிம்புக் கல்லின் பின்னால் பல்லி முட்டைகள். கட்டுவிரியனுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது. வெளியே கரிசல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. குழிக்குள் ஐப்பசி.

அதன் பின் யார் பாம்பைக் கொண்டு வந்தாலும், கடிபட்டவர் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். வண்டியில் ஏற்றிவிட்டு வந்து காட்டுங்கள் என்பேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

சவுடம்மா தறியில் உட்கார ஒன்றரை மாதம் ஆயிற்று. குழிக்கு ஈரம் போடாதே என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஈரம் இல்லன்னா முழத்துக்கு ஒம்போது தடவ அறும். பாம்புக்குப் பயந்து நாள் பூரா நூல முடிஞ்சுக்கிட்டு உக்காரவா?”

ஆகவே, அவள் தறிக்கு உட்காரும் ஐந்து மணிக்கு நான் டார்ச்சோடு போகத் தொடங்கினேன். எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வரும்வரை, ஏழு வருடம். என் கணவர் வந்திருக்கும் நாளிலும் போனேன். அந்த நோட்டில் பதின்மூன்றாவதாக ஒரு பக்கம் சேர்த்தேன்; நிரம்ப நிரம்பத் தாள் ஒட்டினேன். அதில் கோடு கிடையாது. ‘இன்று பார்த்தேன், இல்லை’ என்று ஒவ்வொரு நாளும் முழுதாக எழுதுவேன்.

அவள் விளிம்பில் உட்கார்ந்து காலைச் சேலைக்குள் மடக்கி வைத்திருப்பாள். நான் குனிந்து மூலை மூலையாக வெளிச்சம் அடிப்பேன்.

“பாத்தாச்சா?”

“பாத்தேன். ஒண்ணுமில்ல.”

“இன்னொரு தடவ பாருங்க டீச்சர்.”

மறுபடியும் குனிவேன். மிதிகட்டையைத் தூக்கி அடியில் பார்ப்பேன். மணலைக் குச்சியால் கிளறுவேன். விளிம்புக் கல்லின் பின்னால் ஒளியைச் செலுத்துவேன். பிறகு நிமிர்ந்து தலையசைப்பேன்.

அதற்குப் பிறகுதான் அவள் காலை இறக்குவாள். முதலில் இடது கால். வலது காலுக்கு இன்னும் சற்று நேரம் எடுத்துக்கொள்வாள். அது மணலைத் தொடும்வரை நான் டார்ச்சை அணைத்ததில்லை.